முதல் படி இல்லாத ஏணி

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் சேர்த்து மொத்தம் 3,359 இடங்கள். அவற்றில் தீயணைப்பாளர் இடங்கள் 674. மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே வினாத்தாள், ஒரே கல்வித்தகுதி: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. காவலர் பணிக்குப் பெண் விண்ணப்பிக்கலாம். சிறைக்காவலர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். தீயணைப்பாளர் என்ற வரிக்கு வரும்போது மட்டும் அது ஆண்களுக்கான இடம். அதற்கு முந்தைய ஆண்டு அறிவிப்பில் இருந்த 3,552 இடங்களில் 120 தீயணைப்பாளர் இடங்கள். அவையும் ஆண்களுக்கே.

திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலும் விடியற்காலையில் மைதானத்துப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த அறிவிப்புகளின் பருவம் தெரியும். அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து ஓடுகிற பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். வெள்ளாற்றங்கரை ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தமிழ்த் தகுதித் தேர்வுக்கான இலக்கணச் சந்தேகங்களோடு என்னிடம் வருவார்கள். விண்ணப்பம் நிரப்புகிற ஒரு நாளில் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “மேம், ஃபயர் மட்டும் ஏன் நமக்கு இல்லை?” கூட நின்றவள் பதில் சொன்னாள்: “அதான் பெரிய ஆபீசராப் போகலாமாமே, குரூப் ஒன் எழுதினா.”

இரண்டாமவள் சொன்னது உண்மை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று தேர்வில் துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிகளோடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலர் பதவியும் உண்டு. அதற்குப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வென்றும் இருக்கிறார்கள். ஆக, நம் மாநிலத்தில் ஒரு பெண் தீயணைப்பு நிலையங்களை ஆய்வு செய்யலாம். அங்கே வேலை செய்கிறவர்களின் தகுதியை மதிப்பிடலாம். அவர்களுடைய பதவி உயர்வுக்குக் குறிப்பு எழுதலாம். அந்த நிலையத்தில் குழாய் பிடிக்கும் வேலையில் மட்டும் சேர முடியாது.

இந்தக் கட்டுரை தீயணைப்புத் துறையின் பதவி உயர்வுத் தேர்வுகளைப் பற்றியது. ஆள்சேர்ப்பு அறிவிப்பிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பதவி உயர்வுக்கு ஒருவர் எத்தனை மாதம் தயாராகிறார் என்று கேட்கிறோம். அந்தத் தயாரிப்பு எந்த வயதில், எந்த வாசலில் தொடங்குகிறது என்று கேட்பதில்லை. கேட்டால், பெண்களைப் பொறுத்தவரை தேர்வறைக்கு வருவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிட்டது என்பது தெரியவரும்.

தேர்வு எதை அளக்கிறது

தமிழகத்தில் தீயணைப்புப் பணி 1908-இல் சென்னையில் தொடங்கியது. மாநிலத்துக்கெனத் தனியாகத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் வந்தது. தீயணைப்பாளர், முன்னணித் தீயணைப்பாளர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று பதவிகள் மேலே போகின்றன. உச்சியில் இருக்கும் இயக்குநர் நாற்காலி இந்தியக் காவல் பணி அதிகாரிக்கு உரியது. நாடு முழுவதற்குமான தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956-இல் உருவாகி, அடுத்த ஆண்டு நாக்பூருக்கு இடம் மாறியது. சப்-ஆபீசர், நிலைய அலுவலர், டிவிஷனல் ஆபீசர் என்று பதவிகளின் பெயரிலேயே அங்கே பயிற்சிகள் நடந்துவந்தன.

கீழ்ப்பதவியிலிருந்து மேலே போக ஒருவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்? எந்த ஊர்த் தீயணைப்புத் துறையானாலும் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். நீரியல் வேண்டும்: தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் குறையும், குழாயின் நீளம் கூடக்கூட உராய்வில் இன்னும் குறையும், ஆகவே மூன்றாம் மாடியில் நிற்பவன் கைக்குப் போதுமான தண்ணீர் போக வேண்டுமென்றால் கீழே பம்பில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். தீயின் வேதியியல் வேண்டும்: எரியும் எண்ணெயில் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும், மூடிய அறையின் கதவைச் சட்டென்று திறந்தால் உள்ளே போகும் காற்று என்ன செய்யும். கட்டடங்களைப் பற்றித் தெரிய வேண்டும்: எந்தக் கூரை எந்த நேரத்தில் விழும். முடிச்சுகள், ஏணிகள், மூச்சுக்கருவி, சட்டம், அறிக்கை எழுதுதல் எல்லாம் உண்டு.

இவை தாளில் எழுதுகிறவை. அதற்கப்பால் மைதானத்தில் நடக்கும் டிரில் இருக்கிறது. ஒரு குழுவை நிறுத்தி, நிலைமையைப் பார்த்து, யார் குழாய் விரிப்பது, யார் ஏணி வைப்பது என்று ஆணையிட்டு நடத்திக் காட்ட வேண்டும். அந்த ஆணைகளில் பல, ‘வாட்டர் ஆன்’, ‘நாக் ஆஃப்’ என்று பிரிட்டிஷ் டிரில் புத்தகத்திலிருந்து அப்படியே வந்தவை. தேர்வாளர் ஒருவரின் குரலைக் கேட்கிறார், தடுமாற்றத்தைக் கவனிக்கிறார், குழு அவர் சொல்லுக்கு அசைகிறதா என்று பார்க்கிறார். பிரிட்டனில் எழுத்துத் தேர்வும் டிரிலும் சேர்ந்த இந்த முறை பல பத்தாண்டுகள் இருந்தது. இந்த நூற்றாண்டில் அதற்குப் பதிலாக, கற்பனையான ஒரு விபத்தைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் மதிப்பீட்டு மையங்கள் வந்தன.

முறை எதுவானாலும் இதில் பெரும்பங்கு புத்தகத்தால் வருவதில்லை. ஆயிரம் முறை குழாய் சுருட்டிய கைக்குத்தான் குழாயின் கனம் தெரியும். நிலையத்தில் இரவுப் பணியில் விழித்திருந்தவருக்குத்தான் எந்தத் தெருவில் வண்டி திரும்பாது என்பது தெரியும். மூத்தவர்களோடு பத்து ஆண்டுகள் வண்டியில் ஏறி இறங்கியவர், டிரில் மைதானத்தில் குரலெடுத்துக் கூப்பிடும்போது அந்தக் குரலுக்குப் பின்னால் அந்தப் பத்து ஆண்டுகளும் நிற்கின்றன. ஆண் ஒருவருக்கு இந்தத் தயாரிப்பு அவர் அறியாமலே, சம்பளத்தோடு நடந்துகொண்டிருக்கிறது. பதவி உயர்வுக்குப் படிக்கிறோம் என்று அவர் உட்காரும் மாதம் அதன் கடைசி மாதம் மட்டுமே.

மேல்மாடி வழியாக உள்ளே வந்தவர்கள்

2002-இல் ஹர்ஷினி கன்ஹேகர் நாக்பூர் கல்லூரியின் தீயணைப்புப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். கல்லூரி தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே நுழைந்த முதல் மாணவி அவர். பின்னர் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தில் தீயணைப்புப் பொறியாளரானார். அடுத்த ஆண்டு, 2003-இல், தமிழகத்தில் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தொகுதி ஒன்று தேர்வு வழியாகத் தீயணைப்புத் துறை அதிகாரிகளானார்கள். அப்போது அந்தப் பதவிக்குக் கோட்டத் தீயணைப்பு அலுவலர் என்று பெயர். நாட்டிலேயே இந்த நிலைக்கு வந்த முதல் பெண்களில் இவர்கள் இருவரும் உண்டு.

இது யாரோ ஓர் அதிகாரி மனமிரங்கிக் கொடுத்த இடமில்லை. 1989-இல் தமிழக அரசு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தது. தொகுதி ஒன்று தேர்வில் எல்லாத் துறைகளும் ஒரே பட்டியலில் வருவதால், அந்த ஒதுக்கீடு தீயணைப்புத் துறையின் மேல்மாடிக் கதவையும் திறந்துவிட்டது. கீழ்வாசலுக்குத் தனி அறிவிப்பு, தனி வாரியம். அங்கே ‘ஆண்கள்’ என்ற சொல் அப்படியே இருந்தது. 2021-இல் ஒதுக்கீட்டை 40 சதவீதமாக உயர்த்துவதாக அரசு அறிவித்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆண்களுக்கென்றே வைத்திருக்கிற பணியில் பெண்களுக்கான 40 சதவீதம் என்பது எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மேல்மாடி வழியாக வருவதன் சிரமம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு மாவட்டத்தின் நிலையங்கள் அனைத்தும் ஒரு பெண்ணின் கீழ் வருகின்றன. அங்கே இருபது, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்குத் தெரியுமா என்ற கேள்வி எல்லாக் கண்களிலும் இருக்கும். தொகுதி ஒன்று வழியாக வரும் ஆண் அதிகாரியும் அந்த அனுபவம் இல்லாமல்தான் வருகிறார். ஆனால் அவரைப் பார்க்கும்போது, வேண்டுமென்றால் இவரும் தீயணைப்பாளராகச் சேர்ந்திருப்பார் என்ற எண்ணம் இயல்பாக வரும். பெண்ணுக்கு அந்த எண்ணத்தின் சலுகைகூடக் கிடையாது. வாசலை அடைத்து வைத்துவிட்டு, அந்த வாசல் வழியாக வந்த அனுபவம் உனக்கு இல்லையே என்று கேட்கிற கேள்வி இது.

2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை நாட்களில், சென்னைச் சேப்பாக்கத்தில் எழிலகம் வளாகத்தின் பழைய கலச மகால் கட்டடம் எரிந்தது. பிரியா ரவிச்சந்திரன் தன் குழுவோடு உள்ளே போனார். கட்டடத்தின் பகுதி இடிந்து விழுந்ததில் அன்பழகன் என்ற தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பிரியா கடும் தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் பணிக்குத் திரும்பினார். வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் பெற்றார், இணை இயக்குநராக உயர்ந்தார், பிறகு இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மீனாட்சி விஜயகுமாரும் களத்தில் நின்று பெயர்பெற்று இணை இயக்குநர் நிலைக்கு வந்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது பத்திரிகைகள் ‘சிங்கப்பெண்’ என்று தலைப்பிடும். அந்தத் தலைப்பில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒரு பெண் தன் தகுதியை நிறுவ எரியும் கட்டடத்துக்குள் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது என்றால், அவருக்கு வைத்திருக்கும் தேர்வு பாடத்திட்டத்தில் இல்லாத தேர்வு. அன்று உயிரிழந்தவரின் பெயரும் அந்தத் தலைப்புகளுக்குள் அடங்குவதில்லை. இருவரும் செய்தது ஒரே வேலை. ஒருவரை அந்த வேலைக்கு உரியவராகவும் இன்னொருவரை அதிசயமாகவும் பார்க்கிற கண்ணில்தான் கோளாறு.

தீயோடு வேலை செய்கிறவர்கள்

பெண்ணுக்கும் தீக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. பெருங்கோப்பெண்டு கணவனின் ஈமத்தீயில் இறங்கினாள். கண்ணகி மதுரையை எரித்தாள். எரிக்கும்போதும் குழந்தைகளையும் முதியவர்களையும் பசுக்களையும் விட்டுவிடும்படி தீக்கடவுளிடம் சொன்னாள். ஒருத்தி தீயில் விழுகிறவள், ஒருத்தி தீ வைக்கிறவள். தீயை அணைக்கிற பெண்ணை நான் படித்த பழைய காப்பியங்களில் பார்த்த நினைவில்லை. வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூரை பற்றிக்கொண்டால் முதலில் ஓடிவருவது குடமும் கையுமாகப் பெண்கள்தான். வண்டி வருவதற்குள் அண்டை வீட்டுக் கூரையை நனைத்து வைப்பவர்களும் அவர்கள்தான்.

விருத்தாசலம் தீயால் பிழைக்கிற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊர். களிமண் பொம்மைகளைத் துடைத்து, வண்ணம் தீட்டி, அடுக்குகிற வேலைகளில் எங்கள் பகுதிப் பெண்கள் இருக்கிறார்கள். சூளை எப்போது சூடேறும், எப்போது திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அடுப்பின் தீயை விறகிலிருந்து மண்ணெண்ணெய்க்கும், அதிலிருந்து சிலிண்டருக்கும் மாற்றிக்கொண்ட தலைமுறைகளும் பெண்கள்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய ஆபத்தை அவர்கள்தான் கற்றுக்கொண்டார்கள்.

தீ அவர்களைக் கொன்றும் இருக்கிறது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தியைப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. வரதட்சிணைச் சாவைத் தனிக் குற்றமாக்கும் 304-பி பிரிவு 1986-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில், 2020 செப்டம்பர் 4 அன்று பட்டாசு ஆலை வெடித்ததில் ஏழு பெண்கள் அன்றே உயிரிழந்தார்கள். எரிகிற இடங்களில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கி வெளியே கொண்டுவரும் கைகளில் ஒரு பெண்ணின் கையும் இருக்க வேண்டும் என்பது வேலைவாய்ப்புக் கோரிக்கை மட்டுமில்லை. உடை கருகி உடலோடு ஒட்டிய பெண், கிணற்றிலிருந்து மேலே வரும் பெண், தன்னை யார் தொடுகிறார் என்று அந்த நேரத்திலும் பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்டவள்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம். கல்லூரிகளுக்கும் வந்து செயல்விளக்கம் தருவார்கள். பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி. எரியும் சிலிண்டர் மீது ஈரச்சாக்கைப் போர்த்தி அணைக்க மாணவிகளை அழைப்பார்கள். குழாய் பிடிக்கவும் கயிற்றில் இறங்கவும் மாணவர்களை அழைப்பார்கள். சொல்லித் தருபவர்கள் அன்பானவர்கள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அடுக்களைத் தீ அவளுக்கு, ஊர்த் தீ அவனுக்கு என்ற பிரிவினை, யோசிக்காமலே கை நீட்டுமளவுக்கு எல்லோருக்கும் பழகியிருக்கிறது.

மதிப்பெண் போடுகிறவர் யார்

பதவி உயர்வில் பெண்கள் தோற்கடிக்கப்பட்ட முறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்வதும் தயாரிப்பில் ஒரு பகுதி.

சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். முப்பதாண்டு பணிக்குப் பிறகு, உயர் நிலைக்கான பதவி உயர்வில் ‘தகுதி’ போதவில்லை என்று ஒதுக்கினார்கள். உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வரும்போது அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. 1979-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தாலும், மணமான பெண்ணுக்குப் பணி உரிமையில்லை என்று சொன்ன விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார், களையச் சொன்னார். தகுதி என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு ஒளித்துவைக்கலாம் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை 1977-இல் முதன்முதலாகப் பெண்களைத் தேர்வெழுத அனுமதித்தது. எழுத்துத் தேர்வில் பலர் தேறினார்கள். உடல்திறன் தேர்வுக்குப் போன பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்களில் ஒருவரான பிரெண்டா பெர்க்மன் வழக்குத் தொடர்ந்தார். அந்தத் தேர்வு உண்மையான தீயணைப்பு வேலையை அளக்கிறது என்பதை நகரம் நிறுவவில்லை என்று 1982-இல் நீதிபதி சார்லஸ் சிஃப்டன் தீர்ப்பளித்தார். புதிய தேர்வு நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணியில் சேர்ந்தார்கள். அதோடு முடியவில்லை. தகுதிகாண் பருவத்தின் முடிவில் பெர்க்மனையும் சைதா கொன்சாலெஸையும் திறமை போதாது என்று வெளியேற்றினார்கள். கூட இருந்த ஆண்கள் பயிற்சி தராமல் ஒதுக்கிய சூழலில் எழுதிய மதிப்பீடு நேர்மையானதாக இருக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டு, இருவரையும் திரும்பச் சேர்த்தது. பெர்க்மன் லெப்டினன்ட் ஆனார், கேப்டன் ஆனார், 2006-இல் ஓய்வு பெற்றார். பின்னர் வந்த உடல்தேர்வு வழக்கில் மேல்முறையீட்டில் நகரம் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். உடல்வலு எவ்வளவு தேவை என்ற விவாதம் நியாயமானது. அளவுகோல் வேலைக்குப் பொருந்துகிறதா என்று கேட்கிற உரிமையும் அதே அளவு நியாயமானது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ராணுவ வழக்குகளில் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்றது. அதற்கான மதிப்பீட்டில் பலர் தோற்றார்கள். நிதிஷா வழக்கு வந்தது. 2021 மார்ச் 25 அன்று வந்த தீர்ப்பு அந்த மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தது. ஆண் அதிகாரி இளவயதில் கடந்துவிட்ட உடல்தகுதி அளவுகோலை, இத்தனை காலம் காக்க வைக்கப்பட்ட பெண்ணுக்கு நடுவயதில் வைத்திருந்தார்கள். ஆண்டு மந்தண அறிக்கைகள் இன்னொரு பொறி. பெண்ணுக்கு மேலே போகும் வழியே இல்லாத காலத்தில், அவருடைய மேலதிகாரி அக்கறையில்லாமல் எழுதிய குறிப்புகளை இப்போது எடுத்துவைத்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான விதி; விளைவில் பெண்களை மட்டும் தள்ளும் விதி. இது மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது.

தீயணைப்புத் துறைக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும். நாளைக்கே நிலைய அலுவலர் தேர்வைப் பெண்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டு, களத்தில் பத்தாண்டு அனுபவம் கேட்டால், அந்த விதியில் ‘பெண்’ என்ற சொல்லே இருக்காது. ஒரு பெண்ணும் தேற மாட்டாள்.

கீழிருந்து ஏறியவர்கள்

கீழ்ப்படி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1973-இல் தமிழகக் காவல் துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தார்கள்: ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள். அன்றும் கேட்டார்கள்: இரவுப் பணி எப்படி, ஓய்வறை எங்கே, கூட்டத்தில் தள்ளுமுள்ளு வந்தால் என்ன செய்வார்கள்? பதில் கிடைத்த பிறகு சேர்க்கவில்லை. சேர்த்த பிறகுதான் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை, கழிப்பறை இல்லாத பந்தோபஸ்துப் பணியைப் பற்றி இன்றும் பெண் காவலர்கள் பேசுகிறார்கள். ஆனால் காவலராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி, தலைமைக் காவலராகவும் ஆய்வாளராகவும் உயர்ந்த பெண்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவளுக்குப் பழைய வினாத்தாளை எடுத்துக் கொடுக்கவும், டிரிலில் எங்கே மதிப்பெண் குறையும் என்று சொல்லவும் ஓர் அக்கா இருக்கிறார். தேர்வுத் தயாரிப்பில் பாதி இந்த அக்காக்கள்தான். தீயணைப்பு நிலையத்தில் அந்த அக்கா இல்லை.

லண்டனில் டேனி காட்டன் 1988-இல் பதினெட்டு வயதில் சாதாரணத் தீயணைப்பாளராகச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில் கிளாப்பம் ரயில் விபத்துக் களத்தில் நின்றார். படிப்படியாக உயர்ந்து 2017-இல் லண்டன் தீயணைப்புப் படையின் முதல் பெண் ஆணையரானார். இதே நகரத்தில் இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்த இரவில் பெட்ரோல் லாரியை ஓட்டிச்சென்று பம்புகளுக்கு எரிபொருள் சேர்த்ததற்காக கில்லியன் டேனர் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். போர் முடிந்ததும் பெண்கள் தேவைப்படவில்லை. 1982-இல்தான் லண்டனில் முழுநேரத் தீயணைப்பாளராக மறுபடி ஒரு பெண் வந்தார். ஆபத்துக் காலத்தில் தகுதியானவள், அமைதி வந்ததும் தகுதியற்றவளாகிறாள். தகுதி என்பது யார் எப்போது அளக்கிறார் என்பதையும் பொறுத்தது.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 2024-இல் அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்துத் தீயணைப்பு நிலையங்களுக்குப் போனார்கள். மும்பையில் ஏற்கெனவே பெண்கள் வண்டியேறிவிட்டார்கள். விமான நிலைய ஆணையத்தின் முதல் பெண் தீயணைப்பாளராக தானியா சன்யால் 2018-இல் தேர்வானார். வாலையாற்றுக்கு அந்தப் பக்கம் பெண்ணின் உடலுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கும் குழாய், இந்தப் பக்கம் வந்ததும் கனம் கூடிவிடுமா?

அரசியல் சாசனத்தின் பதினாறாவது பிரிவு, அரசு வேலையில் பாலினத்தை மட்டும் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை நான்கு. தீயணைப்பாளர் பணியைப் பெண்களுக்குத் திறக்க வேண்டும். உடல்திறன் தேர்வு எதை வைத்தாலும் அது வேலையோடு பொருந்துவதாக இருக்க வேண்டும். நிலையங்களில் பெண்களுக்கான ஓய்வறையையும் கழிப்பறையையும் கட்ட வேண்டும். அவை இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. முதல் சில அணிகளுக்குப் பதவி உயர்வில் அனுபவத்தைக் கணக்கிடும்போது, வாசல் எந்த ஆண்டு திறந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்காவதை மறந்தால் முதல் மூன்றும் பயன் தராது.

அதுவரை மாணவிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தொகுதி ஒன்றுக்குப் படிக்கிறவர்கள் விருப்பப் பட்டியலில் தீயணைப்புத் துறையைக் கடைசியில் தள்ளாமல் இருக்கலாம். உள்ளே போகிறவர்கள் நிலையத்தில் இருக்கும் மூத்த தீயணைப்பாளரிடம் உட்கார்ந்து குழாயும் பம்பும் கற்கலாம். கற்றுத்தர மனமுள்ள ஆண்கள் எல்லா நிலையங்களிலும் இருக்கிறார்கள். மந்தண அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். குறிப்பு தவறாக இருந்தால் எழுத்தில் மறுக்கலாம். முத்தம்மாவும் பெர்க்மனும் ராணுவ அதிகாரிகளும் வென்றதற்கு ஒரு காரணம், அவர்களிடம் தாள்கள் இருந்தன.

அடுத்த அறிவிப்பும் வரும். 2025 அறிவிப்பில் மொத்தம் 3,644 இடங்கள், தீயணைப்பாளர் 631. இந்த எண்கள் கூடும், குறையும். அவற்றுக்குப் பக்கத்திலுள்ள ‘ஆண்கள்’ என்ற சொல்லை எடுக்கச் சட்டத்திருத்தம்கூட வேண்டியிருக்காது. ஓர் அரசாணை போதும். அந்த ஆணை வருகிற ஆண்டில் சேரும் திட்டக்குடிப் பெண், முன்னணித் தீயணைப்பாளர் ஆவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நிலைய அலுவலர் ஆக இன்னும் பல ஆண்டுகள். நாம் தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டும் அவளுடைய பணிக்கால அனுபவத்திலிருந்துதான் கழிகிறது.